யானைக்கு முதல் வணக்கம்

ஜூலை 13, வியாழன்

நீண்ட விடுமுறைக்கு மகளும் மருமகனும் வடக்கே போய்க் கூடாரம் அடித்து மிருகம் பார்க்கப் போகிறார்களாம்; நானும் என் மனைவியும் கூட வரவேண்டுமாம். என் கன்றுகளைத் தின்ற சிறுத்தையைப் பார்க்க நான் ஒருநாளும் டிக்கெட் வாங்கியதில்லை. மருமகன் மோத்சுமி புதுச் சட்டை வாங்கியிருக்கிறான். அதில் திரும்பிய பக்கமெல்லாம் பை. பிறந்தது இதே மகலப்பே ஊரில். பார்த்தால் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியவன் போல இருக்கிறான்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. என் பிக்கப் சாவியின் மேல் மகள் போனோலோவுக்குக் கண். எனக்குப் பார்வை மங்கிவிட்டதாம்.

"பயணம் முழுக்க நீங்களே ஓட்டுங்கப்பா. ஒண்ணும் ஆகலேன்னா நான் இனிமே வாயே தொறக்கமாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா சாவி எனக்கு."

வண்டி இல்லாமல் மாட்டுப்பட்டிக்கு எப்படிப் போவது? அங்கே பஸ்ஸா போகிறது? யாரும் சொல்லித்தராமல், இன்ஜினைப் பிரித்துப் போட்டுத் தானே கற்றவன் நான். எனக்குத் தேர்வு வைக்கிறாள்.

ஜூலை 15, சனி

பிரான்சிஸ்டவுன் தாண்டி, நாட்டாவும் தாண்டி, முகாம் வரை நானே ஓட்டினேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை அவர்களால்.

மோத்சுமி கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் கூடாரம் கட்டினான். அது சரிந்தது. மறுபடி கட்டினான். பக்கத்துக் கூடாரத்தார் மடக்கு நாற்காலியில் ஒயின் கோப்பையோடு வெறும் புதரை வெறித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் நல்ல கட்டில் இருக்க, முதுகு நோகத் தரையில் படுப்பதற்கு லீவு எடுக்கிற கூட்டம்.

சாப்பிடும்போது எங்கள் வழக்கத்தை மருமகனுக்குச் சொல்லிவைத்தேன். நாங்கள் யானைக் குலம். வழியில் யானையைக் கண்டால், வீட்டு மூத்தவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லும்வரை உடன் வருபவர் யாரும் பேசக் கூடாது. அவன் சிரித்தான்.

"பதிலுக்கு அது என்ன சொல்லும் மாமா?"

முதலைக் குலத்தான். வேறென்ன கேட்பான்?

ஜூலை 16, ஞாயிறு

வரிக்குதிரை. கழுதைக்குக் கோடு போட்டிருந்தால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

ஜூலை 17, திங்கள்

எழுதாமல் படுத்துவிடலாம் என்றிருந்தேன்.

சாயங்காலம் முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் மகளும் என் மனைவியும் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். திடீரென்று பேச்சு நின்றது. நல்லது, வாய் வலித்துவிட்டது போல, என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இன்னும் கொஞ்சம் வேகமாகவே.

"மாமா, நிறுத்துங்க!"

பக்கத்தில் இருந்த மோத்சுமி கைப்பிரேக்கை இழுத்தான். வண்டி குறுக்கே இழுத்துக்கொண்டு போய் நின்றது. நான் சாலை என்று நினைத்திருந்த சாம்பல் நிறம் நகர்ந்தது. பிறகுதான் காது தெரிந்தது.

அது போகும்வரை காத்திருந்து அவனைத் திட்டித் தீர்த்தேன். என் வண்டியில் கை வைக்க நீ யார்? மூத்தவன் பேசுவதற்கு முன் வாயைத் திறக்க நீ யார்? அவன் கைப்பிரேக்கை மெல்ல இறக்கிவிட்டான். மகள்தான் சொன்னாள், மெதுவாக:

"நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சோம்பா. நீங்க வணக்கம் சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தோம்."

தூசி. அந்தி வெளிச்சம். யாருக்கும் கண் கூசும்.

அவர்கள் மூன்று பேருக்கும் கூசவில்லையே — ஏன்?

ஜூலை 18, செவ்வாய்

திரும்பும்போது மோத்சுமி ஓட்டினான். கியர் போடும்போதெல்லாம் வண்டி அலறியது. சாவியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். காலையில் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கால் நீட்ட அங்கே வசதி, அவ்வளவுதான்.

ஜூலை 29, சனி

மாட்டுப்பட்டிக்குக் கூட்டிப்போக விடிந்ததும் என் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான் மருமகன். வெயில் ஏறிவிட்டது. சோம்பேறி. தொப்பியும் தடியுமாக வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் வருகிற வண்டியெல்லாம் என் வண்டி போலவே இருக்கிறது. இரண்டு முறை எழுந்து கை காட்டிவிட்டேன்; இரண்டும் யாருடையதோ.