வாசலில் வைத்த நல்ல தண்ணீர்

அத்தை,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீங்கள் இல்லை என்பதற்காக உங்கள் கோபத்தை மறைக்கவும் மாட்டேன். மறைத்தால் நீங்களே கேட்பீர்கள்: "என்னடி பர்மாக்காரி, என்னயப் படமாக்கிச் சாமி பக்கத்துல மாட்டப் பாக்குறியா?"

இன்று காலை அம்மாவும் நானும் சந்தையில் புதுப் பானை வாங்கி வந்தோம். பழையது அடியில் விரிசல் கண்டு ஒழுக ஆரம்பித்துவிட்டது. புதுப் பானையில் முதல் குடம் தண்ணீரை ஊற்றியதும், மண் அதைக் குடிக்கிற மெல்லிய சத்தம் கேட்டது. பின்னாலேயே அந்த வாசம் வந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தேன். அந்த வாசத்தில் நீங்கள் கையில் அரிசி புடைக்கும் சுளகோடு நின்றுகொண்டிருந்தீர்கள்.

கப்பலை விட்டு இறங்கிய அன்று அப்பா, "நம்ம நாட்டுக்கு வந்துட்டோம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ரங்கூனில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசினோம், தமிழ்ப் புத்தகம் படித்தேன். ஆனாலும் எனக்கு இது புத்தகத்தில் படித்த வேறொரு நாடுதான். ரங்கூனில் எங்கள் வீடு மரத்தாலானது. நடந்தால் தரை பேசும். திண்டுக்கல்லில் தரை பேசவில்லை. மனிதர்கள்தான் பேசினார்கள், அதுவும் கேள்வியாகவே.

அப்பாவுக்குப் புகையிலைக் கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. வீடுதான் கிடைக்கவில்லை. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தோம். அங்கும், "வாரக் கடைசிக்குள்ள எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். நாகல் நகரில் தெருத் தெருவாக ஏறி இறங்கினோம். ஒரு வீட்டுக்காரர், பூர்வீகம் எது என்று கேட்டார். அப்பா, "வடமதுரைப் பக்கம்" என்றார். "வடமதுரைங்கிறீக, பேச்சுல மண்ணு ஒட்டலையே?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு வீட்டில், "பர்மாக்காரகளா? நாப்பி திம்பீகளே, செவுரெல்லாம் நாறிப்போகும்" என்றார்கள். மீனை உப்பிட்டு இடித்துப் புளிக்க வைக்கும் அந்த நாப்பியை இவர்கள் யாரும் பார்த்ததுகூட இல்லை. அதன் வாசம் மட்டும் எங்களுக்கு முன்பே கப்பலேறி வந்துவிட்டது போல.

கடைசியில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றோம். நீங்கள் ஊரைக் கேட்கவில்லை. "பொட்டியத் தொறங்க" என்றீர்கள். அம்மா தகரப் பெட்டியைத் திறந்தார். நீங்கள் குனிந்து மோந்து பார்த்தீர்கள். துணிகளுக்கு நடுவில் என் புத்தகங்கள் இருந்தன. "இம்புட்டையும் யாரு படிக்கிறது?" என்றீர்கள். நான் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்கட்டில் இரண்டு அறைகளைத் திறந்துவிட்டீர்கள்.

நிபந்தனைகளை நின்ற இடத்திலேயே சொன்னீர்கள். நாப்பி இந்த வாசலை மிதிக்கக் கூடாது. கிணற்றின் உப்புத் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம். தெருக்குழாயில் பிடிக்கும் நல்ல தண்ணீரில் அவரவர் பங்கை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மணி அடித்தால் விளக்கை அணைத்துவிடுவீர்கள். மெயின் சுவிட்சு உங்கள் பக்கத்துச் சுவரில் இருந்தது. முதல் இரவு பாதி வாக்கியத்தில் இருட்டிவிட்டது. அந்த வாக்கியத்தை எனக்குள் நானே முடித்துக்கொண்டு தூங்கினேன். மேலே கூரை இருந்தது. அது போதுமாக இருந்தது.

உண்மை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? பெட்டியில் இல்லாத ஒரு சிறு நாப்பிச் சாடி அம்மாவின் கூடையில் இருந்தது. அன்று மாலையே அம்மா அதைக் கிணற்றடி வாழைக்கு அடியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். மறு வருடம், "இந்த வாழைக்கு என்ன வந்துச்சு, இப்பிடிக் காய்க்குது!" என்று அந்தத் தாரைத் தெருவுக்கே காட்டினீர்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இனி அந்தப் பங்குனி மாதம். ரங்கூனில் எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கும், மூடியும் குவளையுமாக. போகிறவர் வருகிறவர் குடிக்கலாம். எங்கள் வீடு என்று மட்டும் இல்லை, தெருவெல்லாம் அப்படித்தான். இங்கே வெயிலில் காய்க்கூடையைச் சுமந்து போகிறவர்களைப் பார்த்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் வடமதுரைக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாளில், எங்கள் பங்கு நல்ல தண்ணீரைச் சின்னப் பானையில் நிரப்பி வாசலில் வைத்தேன்.

நண்பகலில் சாணார்பட்டிக்காரர் ஒருவர் வந்தார். கத்தரிக்காய் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தார். வயிறு நிறையக் குடித்தார்.

"நல்லா இருப்ப தாயி. யாரு நெனப்புக்கு வச்சிருக்கு?" என்றார்.

ரங்கூனில் தண்ணீர் வைத்த புண்ணியத்தை உயிரோடு இருப்பவர்களுக்கும் பங்கு வைப்பார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் இறந்தவர்கள் நினைவாகத்தான் தண்ணீர் வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு வீடு கொடுத்தது யார்? "இந்த வீட்டு அத்தைக்கு" என்றேன்.

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எங்க ஊருல பொறந்த பொண்ணுல்ல அது" என்று சொல்லி, வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார். வீடு கொடுப்பவர்களுக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று வியந்து நின்றேன். பொழுது சாய்ந்ததும் பானையை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. மாட்டு வண்டியிலிருந்து ஓர் அம்மாள், கூந்தல் அவிழ, மார்பில் அடித்துக்கொண்டே இறங்கினார். நீங்கள் சுளகோடு வாசலுக்கு வந்தீர்கள்.

"ஏக்கா! எதுக்கு இப்பிடி அழுகுற? யாரு செத்தது?"

அவர் உங்களைப் பார்த்தார். வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. "நீதாண்டி செத்துப் போயிட்ட!"

"நானா? எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே!"

தெருவே சிரித்தது. ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் அக்கா கையில் ஒரு புதுப் புடவை இருந்தது. இறந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்தும் கோடிச் சேலை. பிறந்த ஊர்க் கிணற்றுப் பங்குத் தகராறில் உங்கள் இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சில்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

விசாரணை, ஊரில் போய்ச் செய்தி சொன்ன கத்தரிக்காய்க்காரர் வழியாக என்னிடம் வந்து முடிந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"என்னய உயிரோட சாகடிச்சிட்டியேடி! உங்கப்பன் வரட்டும். சாமானக் கட்டுங்க!" என்று கத்திவிட்டு அக்காவை உள்ளே இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அம்மா பெட்டியை இழுத்தார். பாத்திரங்களைத் துணியில் சுற்றினார். நான் புத்தகங்களை அடுக்கினேன். மறுபடி எந்தத் தெரு, எந்தக் கதவு? சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் சண்டை கேட்டது. பிறகு அழுகை. அப்புறம் கடுகு தாளிக்கும் வாசம் வந்தது.

மாலையில் அப்பா வந்து சாமான்களுக்கு நடுவில் திகைத்து நின்றபோது நீங்கள் பின்கட்டுக்கு வந்தீர்கள், கையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் வெஞ்சனத்தோடு.

"என்னத்துக்கு இப்பிடிச் சாமானப் பரப்பி வச்சிருக்கீக?"

"நீங்கதான கட்டச் சொன்னீங்க" என்றார் அம்மா.

"அது காலையில. இப்ப யாரு சொன்னா?" கிண்ணத்தை என் கையில் கொடுத்தீர்கள். "செத்தாத்தான் யாரு நெசமா அழுவாகன்னு தெரியும்பாக. எனக்கு இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

வாசல் வரை போய்த் திரும்பினீர்கள். "அந்தப் பானைய நாளைக்கும் வையி. குவளை வேணாம். யாரு வாய் வச்சதுன்னு இந்த ஊருல சண்டை வரும். நீளக் காம்புச் சிரட்ட அகப்பை தாரேன், தூக்கி ஊத்திக்கட்டும். யாரு நெனப்புக்குன்னு கேட்டா, தாகத்துக்குன்னு சொல்லு. எம்பேர எடுத்த, பல்லத் தட்டிருவேன்."

கோடிச் சேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை நீங்கள். அடுத்த பொங்கலுக்குக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பார்த்தவர்கள் பதறினார்கள். "செத்த பெறகு கட்டி நான் என்னத்தக் காணப் போறேன்? பொறந்த வீட்டுச் சேலை, கண்ணால பாத்துக் கட்டுறேன்" என்றீர்கள். உங்கள் அக்கா பொங்கல் பானைக்கு அருகில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒன்பது மணி விளக்கும் மெல்ல மாறியது. பரீட்சைக் காலத்தில் மணி அடித்த பிறகும் இருட்டாது. சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் மட்டும் கேட்கும்: "செத்த நேரம் எரியட்டும், அந்தப் புள்ள படிக்குது." யாரிடம் சொல்வீர்கள்? வீட்டில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லையே. சுவிட்சிடம் சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தை மாதக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. சாணார்பட்டிக்கு ஆள் போனது. உங்கள் அக்கா, எங்கள் பெரியத்தை, வண்டியிலிருந்து இறங்கினார். இந்த முறை தெருவில் அழவில்லை. "இருங்க, மொதல்ல உள்ள போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார். உள்ளே வந்து உங்கள் முகத்தைப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார், கொஞ்சம் காத்திருந்தார். அப்புறந்தான் அழுதார்.

வீடு இப்போது அவருடையது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா தயங்கித் தயங்கி, "நாங்க வேற எடம் பாக்கணுமா?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பெரியத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்க போயிட்டா வாசப்பானைக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்றார்.

இன்று மதியம் புதுப் பானையில் முதலில் குடித்தவர் ஒரு பூக்காரம்மா. அகப்பையை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டு, வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "யாரு நெனப்புக்கு வச்சிருக்கு தாயி?" இத்தனை நாளும், தாகத்துக்கு என்றுதான் சொல்லி வந்தேன். பல்லுக்குப் பயந்துதான். இன்று, "இந்த வீட்டு அத்தைக்கு" என்றேன். அன்று சொன்ன அதே பதில். இந்த முறை யாரும் வண்டி கட்டிக்கொண்டு ஓடி வரவில்லை. அந்த அம்மா கூடையிலிருந்து ஒரு முழம் மல்லியைக் கிள்ளிப் பானையின் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனார்.

என்னை எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இப்போது திண்டுக்கல் என்று சொல்கிறேன். பேச்சில் மண் ஒட்டிவிட்டது என்று அப்பா கேலி செய்கிறார். ஒட்டட்டும்.

மணி ஒன்பது அடித்து வெகு நேரம் ஆகவில்லை. பெரியத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏ புள்ள, முடிச்சிட்டியா?" என்கிறார். இன்னும் ஒரே ஒரு வரி என்றேன். "செத்த நேரம்தான்" என்கிறார், உங்களைப் போலவே. ஒரு வரியில் என்ன எழுத முடியும் அத்தை? பானை நிறைந்திருக்கிறது. நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம். விளக்கை அணைத்துவிட்டார், இதை இருட்டில் எழுதுகிறேன்.