அறுநூற்றுப் பன்னிரண்டாவது மாணவர்

1947 செப்டம்பர் 22, திங்கள்

எங்கள் வணிகப் பள்ளி வீங்கிக்கொண்டே போகிறது. போருக்கு முன் நூற்றைம்பது பேர். இன்று அறுநூற்றுப் பதினொரு பேர், முக்கால்வாசியும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள். புல்வெளி முழுக்கத் தகரக் கொட்டகைகள், கொடிகளில் குழந்தைத் துணி. அவர்கள் வாராவாரம் எழுதும் அறிக்கைகளை அடித்தளத்தில் உட்கார்ந்து திருத்துவது நாங்கள் ஒன்பது பெண்கள். வகுப்பில் உட்கார மட்டும் பெண்களுக்கு அனுமதி இல்லை. மூன்று வருடமாகத் திருத்துகிறேன். எனக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும். எழுதிவிட்டேன், போதும்.

அக்டோபர் 1

ஒரு கம்பெனியின் சிக்கலைக் கொடுத்து, நீ முதலாளியானால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். இந்த முறை பட்டாணியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை. பையன்கள் மறுபடியும் மேலாளரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லத்தான் போகிறார்கள் என்று முணுமுணுத்தேன். பக்கத்து மேசை மேவிஸ், "குறை சொல்ல யாராலதான் முடியாது வெர்னா? நீ எழுதேன், பாப்போம்," என்றாள்.

எழுதினால் என்ன?

அக்டோபர் 4, சனி

ஐயோ, செய்துவிட்டேன்!

அறிக்கைகளைப் போடும் சுவர்த் துவாரத்தை மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் போட்டால் தாள் சறுக்கி எங்கள் கூடையில் வந்து விழும். அதில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். 612 என்று போட்டேன், இல்லாத எண். பட்டாணி லாரிகள் எல்லாம் விடிகாலையில் ஒன்றாக வந்து நிற்பதுதான் கோளாறு, மேலாளர் பாவம் என்று எழுதினேன். இரண்டு கோடையில் அப்படி ஒரு இடத்தில் வேலை பார்த்தவள் நான்.

வரிசையில் யாருக்கும் சந்தேகமில்லை. கணவனுக்குத் தட்டச்சு செய்து கொடுத்து ஓடிவரும் மனைவிகள்தான் அங்கே பாதிப் பேர். கைக்குழந்தையோடு பின்னால் நின்றவர், "உங்க வீட்டுக்காரரும் இப்பதான் முடிச்சாராம்மா?" என்றார்.

"மகா சோம்பேறிங்க அவரு," என்றேன். வீடு வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 7

என் தாள் மேவிஸ் திருத்தும் கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் மதிப்பெண். இவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா என்று பெருமூச்சு வேறு விட்டாள். நான் மேசைக்கடியில் பென்சில் தேடினேன்.

அக்டோபர் 10

பேராசிரியர் கெஸ்லர் அதை வகுப்பில் உரக்கப் படித்து, எழுதியவரை எழுந்து நிற்கச் சொன்னாராம். ஒருவரும் எழவில்லை. பதிவு அலுவலகத்தில் தேடினால் 612-க்குக் கோப்பே இல்லை. இத்தனை பேரைச் சேர்த்த அமளியில் தொலைத்துவிட்டோம் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் எனக்கு மன்னிப்புக் கடிதம்! கொட்டகையில் ஐந்து ஆண்களோடு ஒரு கட்டிலும் ஒதுக்கியிருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

அக்டோபர் 13

சிரிப்பு நின்றது. கோப்பைத் தொலைத்தார் என்று பதிவு எழுத்தர் ஆக்டனை வெள்ளிக்கிழமையோடு போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு துண்டுச்சீட்டைக்கூடத் தொலைக்காத மனுஷன். இப்ப என்னடி பண்ணப் போற? சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா அவரு மூஞ்சில எப்படி முழிப்ப?

அக்டோபர் 14

சொல்லிவிட்டேன். டீன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். ஆக்டன் இருக்கட்டும் என்றார். நான் இனிமேல் திருத்தக் கூடாது என்றார்.

கூட இருந்த கெஸ்லர், "திருத்த வேணாம், சரி. எழுத விடலாமே," என்றார்.

"ஒரு பொண்ணுக்காக விதியை மாத்தணுமா?"

"அறுநூத்திப் பதினோரு பேருக்குத் தோணாதது இவங்களுக்குத் தோணியிருக்கு. வேற என்ன சார் வேணும் உங்களுக்கு?"

என்னைச் சேர்ப்பதா என்று ஆசிரியர் குழு கூடிப் பேசுமாம். வேலை போய்விட்டது. பிறகு ஏன் படியெல்லாம் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்?

நவம்பர் 21

இன்று குழு கூடுகிறது. ஒரே காலுறையை இரண்டு தடவை துவைத்தேன்.

1948 பிப்ரவரி 17

வகுப்பில் என் முதல் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் மேவிஸின் கையெழுத்து: 'அவசரத்தில் எழுதியது. பாதிதான் யோசித்திருக்கிறார். சுமார்.' எண் மட்டும்தானே இருக்கும், யாருடைய தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, "எனக்கும் சுமார்தான், விடுங்க," என்றார்.

தாளை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.