புகைபோக்கிக்குள் வைத்த வெற்றிலை

அப்பா,

இன்று காலை அலோன் அரிசி மில்லின் புகைபோக்கி விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. துணி காயப்போட வெளியே வந்தவள் முதலில் அதைத்தான் பார்த்தேன். ஈரத்துணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். நெருப்பை அணைத்த மறுநாள்தான் காகம் அங்கே உட்காரும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். “காக்கைக்கு மேல ஆறினா போதும். எனக்குக் கீழ ஆறணும்” என்பீர்கள்.

நீங்கள் போன பிறகு நான் கெமண்டைனில் அத்தை வீட்டில் இருக்கிறேன். விடிவதற்குள் அத்தை பலகாரக் கூடையோடு சந்தைக்குப் போய்விடுகிறார். அத்தையின் வீட்டுக்காரர் பர்மாக்காரர். அவரும் பிள்ளைகளும் பர்மியத்தில்தான் பேசுகிறார்கள். அன்பாகத்தான் பேசுகிறார்கள். எனக்குப் புரியும், பதில்தான் வராது. தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சில நாள் இருட்டிவிடுகிறது. அதனால்தான் நாலாம் வகுப்போடு நின்ற என் எழுத்தில் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஊரில் நம் ஆட்கள் யாரும் புகைபோக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை என்பீர்கள். கப்பலிலிருந்து இறங்கிய அன்று மேஸ்திரி உங்கள் தோளைச் சாண் போட்டு அளந்தாராம். பிறகு புகைபோக்கியின் அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவை அளந்தாராம். “நுழைவ, வா” என்றாராம். அதோடு உங்களுக்குத் தொழில் முடிவாகிவிட்டது. உமி எரிக்கும் பாயிலரிலிருந்து புகைபோக்கி வரைக்கும் ஒரு செங்கல் சுரங்கம் போகிறது. அதற்குள் ஊர்ந்து போய்க் கரியையும் சாம்பலையும் சுரண்டித் தள்ள வேண்டும். இருபது வருஷம் அதைச் செய்தீர்கள். உங்கள் தோள் அகலமாகவே இல்லை.

மில்லின் இஞ்சின் துரை சொன்ன கதையை ஒருநாள் சாப்பிடும்போது எனக்குச் சொன்னீர்கள். அவர் நாட்டில் வீட்டுக்கு வீடு புகைபோக்கி உண்டாம். முன்காலத்தில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை அதற்குள் ஏற்றிவிடுவார்களாம். முழங்கை தோல் உரிந்தால் உப்புத் தண்ணீரைத் தேய்த்து மறுபடி ஏற்றுவார்களாம். கடைசியில் சட்டம் போட்டு நிறுத்தினார்களாம்.

“இங்க ஏன் அந்தச் சட்டம் இல்ல?” என்று கேட்டேன்.

“நான் பிள்ளை இல்லையே, தாயி.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோவிந்து சித்தப்பா, உங்களுக்குக் கயிறு பிடிக்கிறவர், சும்மா இருப்பாரா? “சட்டம் கெளம்பி வந்துக்கிட்டுதான் இருக்கு, அண்ணே. மூணாங் கிளாஸ் டிக்கெட்டு, அதான் லேட்டு” என்றார். உங்களுக்குப் புரையேறியது. நான் தலை குனிந்துகொண்டு சிரித்தேன்.

சட்டம் வராத இடத்தில் நீங்கள் வெற்றிலையை வைத்திருந்தீர்கள். உள்ளே இறங்குமுன் ஒரு வெற்றிலையைக் கம்பு நுனியில் செருகிச் சுரங்கத்துக்குள் நீட்டி வைப்பீர்கள். இன்னொரு வெற்றிலையை வாயில் போட்டு மெல்லுவீர்கள். மென்று துப்பியதும் கம்பை வெளியே இழுப்பீர்கள். இலை துவண்டிருந்தால் உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை என்று அர்த்தம். யார் கத்தினாலும் இறங்க மாட்டீர்கள். அந்த இரண்டு வெற்றிலையைச் சந்தையில் வாங்கி வந்து தருவது என் வேலை. “கொழுந்தா பார்த்து வாங்கு. முத்தல் சட்டுனு வாடாது, ஏமாத்திடும்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள்.

அந்தக் காலையில் நாம் வழக்கமாக வாங்கும் வெற்றிலைக்காரி டோ மியாவின் தட்டைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போக எனக்குக் கூச்சமாக இருந்தது. வழி விடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஓரத்துக் கடையில் யாரும் இல்லை. அங்கே கறுத்த, தடித்த இலைதான் இருந்தது. தொட்டதுமே தெரிந்தது, அப்பா. தெரிந்துதான் வாங்கினேன்.

நெல் படகுகள் துறையில் காத்துக் கிடந்தன. மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து வாங்கிய இலையை நீங்கள் பார்க்கக்கூட இல்லை. கம்பை இழுத்ததும், “பச்சையா இருக்கு அண்ணே” என்றார் சித்தப்பா. நீங்கள் இறங்கினீர்கள். கயிறு இரண்டு முறை அசைந்தது. பிறகு அசையவில்லை. அவர்கள் இழுத்து வெளியே கொண்டுவந்தபோது வெந்துபோன உங்கள் முதுகைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தீர்கள். மூன்றாம் நாள் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கேட்டீர்கள். “வெத்தலை நல்லாத்தானே இருந்துச்சு, தாயி?” உங்கள் கண்ணில் கோபம் இல்லை. இருபது வருஷக் கணக்கு எங்கே தப்பியது என்ற குழப்பம்தான் இருந்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தக் குழப்பத்தோடேயே உங்களைப் போகவிட்டேன். தினமும் ஒரு முறையாவது அந்தக் கேள்வி என் காதில் கேட்கிறது.

இப்போது உள்ளே இறங்குவது கோவிந்து சித்தப்பா. நேற்று சாயங்காலம் வாசலில் நின்று அத்தையிடம் கேட்டார்.

“ரெண்டு வெத்தலை குடுங்கக்கா.”

“கொழுந்தெல்லாம் நான் போட்டுட்டேனே. முத்தல்தான் இருக்கு.”

“எதுவா இருந்தா என்ன? வாடுதா வாடலையான்னு பார்க்கத்தானே. அண்ணனுக்கு அன்னைக்கு விதி. வெத்தலை மேல குத்தம் இல்ல.”

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். இறங்கும் நாள் வரட்டும், அதற்குள் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். இரவு முழுவதும் வாக்கியத்தை மனதுக்குள் கட்டிப் பார்த்தேன். காலையில் அந்தக் காகம் உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் இறங்குவது இன்றுதான்.

துணியை அப்படியே போட்டுவிட்டு ஆற்றோரச் சாலையில் ஓடினேன். மில் வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள், மேஸ்திரி என்று இருபது பேராவது இருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சித்தப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கதவருகே குனிந்திருந்தார். கம்பு நுனியில் இலை பச்சையாக இருந்தது.

அதை உருவி அவர் கையில் வைத்தேன்.

“இது முத்தல், சித்தப்பா. அன்னைக்கு அப்பாவுக்கும் நான் முத்தல்தான் வாங்கிட்டு வந்தேன்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.