உரம் கரைந்து வரும் பீலித் தண்ணீரை மழைக்காலத்தில் பரிசோதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
லோஜினி மதுரன்,
7ஆம் இலக்க லயம், மேற்பிரிவு,
அழகுமலைத் தோட்டம், திம்புள்ள.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்.

விடயம்: பருவத்துக்குப் பருவம் மாறும் குடிநீரால் கைக்குழந்தைகளுக்கு நேரும் ஆபத்து

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் உள்ள குடும்பங்கள் எல்லாம் தேயிலைச் சரிவுக்குக் கீழே உள்ள ஊற்று நீர் வந்து விழும் ஒரே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். மாசி, பங்குனி வெயிலில் அது மெலிந்து, இரும்புக் கறையோடு செம்மஞ்சளாக வரும். நாங்கள் பயந்து முறையிடுவதும், உங்கள் அலுவலர் போத்தலில் எடுத்துச் செல்வதும் அந்த மாதங்களில்தான். இரும்பு சற்றுக் கூடுதல், வேறு குறையில்லை, கொதிக்க வைத்துப் பருகவும் என்று பதில் வரும். அப்படி ஒட்டிய அறிவித்தல், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராச் சுவரில் இன்னும் இருக்கிறது.

2. ஐப்பசியில் அதே தண்ணீர் தெளிந்து வரும். அப்போதுதான் மேலே மலைக்கு உரம் போடுகிறார்கள். மழை அதைக் கரைத்துப் பீலிக்குக் கொண்டுவருகிறது. நிறமும் வாடையும் இல்லாததால் யாரும் முறையிட்டதில்லை. யாரும் பரிசோதித்ததுமில்லை.

3. சென்ற ஐப்பசியில், பால்மா குடித்துவந்த என் நாத்தனார் தனுஜாவின் கைக்குழந்தைக்கு உதடும் நகமும் நாவற்பழ நிறமாகின. ஆஸ்பத்திரியில் குணமாக்கி அனுப்பினார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுவது எங்கள் வழக்கம். "இன்னும் கொஞ்சம் சுண்டட்டும், புள்ளைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது" என்று அவள் கணவர் அழகன் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். சில நாட்களில் குழந்தை மறுபடி கறுத்தது. இம்முறை உயிரோடு திரும்பவில்லை.

4. உரத்தில் உள்ள நைத்திரேற்று என்ற உப்பு கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு சொன்னார். தனுஜா இன்று அடுப்புப் பற்றவைக்க மறுக்கிறாள். மற்ற வீடுகளிலோ, அந்தச் சாவுக்குப் பயந்து முன்னைவிட அதிக நேரம் காய்ச்சுகிறார்கள். நான் தடுத்தால் உங்கள் அறிவித்தலைக் காட்டுகிறார்கள்.

5. நேற்று உர மூட்டைகள் லொறியில் வந்து இறங்கின. மலையில் மேகம் கட்டியிருக்கிறது. பிறந்து இரண்டு மாதமாகாத என் மகளுக்கும் பால்மாதான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

ஆகவே அந்த அறிவித்தலைக் கழற்றி, கைக்குழந்தைகளுக்கு இத்தண்ணீரைக் காய்ச்சியும் கொடுக்கலாகாது என எழுதி ஒட்டுமாறும், உரம் போட்டு மழை பெய்யும் வாரத்தில் போத்தலோடு வருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். அவற்றுக்கு நாளெடுக்கும் என்பது தெரியும். இன்று மாலை என் மகளுக்குப் பால் கரைக்க எந்தத் தண்ணீரை எடுப்பது என்பதை மட்டுமாவது உடனே சொல்லியனுப்புங்கள்.

இங்ஙனம்,
குழந்தையின் தாய்,
லோஜினி மதுரன்

இடம்: திம்புள்ள
திகதி: 21.10.2025