சீக்கிரம் வந்த துடிப்புகள்

ஜூலை 9, செவ்வாய்

உறைபனி. இங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம். கார் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குக் கிளம்ப முடிந்தது.

நான் ஆராயும் நியூட்ரான் நட்சத்திரம் நொடிக்கு முந்நூற்றுப் பதினேழு முறை சுழல்கிறது; சுற்றுக்கு ஒரு ரேடியோத் துடிப்பு. சூரியனைவிடக் கனம், அகலமோ இங்கிருந்து பக்கத்து ஊர்வரைதான். மே பதினேழிலிருந்து அதன் துடிப்புகள் எங்கள் தொலைநோக்கிக்குத் துளி முன்னதாக வருகின்றன. சுழற்சி கூடியிருக்கிறது. உள்ளே உராய்வே இல்லாத திரவம் தன் வேகத்தை மேலோட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும். யாரும் தொடவே முடியாத பொருள். அதைப் பற்றி என் முதல் கட்டுரை. வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்.

தேநீர் அறையில் என் ஆய்வு வழிகாட்டி டெஸ்மண்ட் கேட்டார்: "வேற நட்சத்திரத்தை வச்சு சரிபார்த்துட்டியா, இமோஜன்?"

தலையாட்டினேன்.

பார்க்கவில்லை. ஏன் ஆட்டினேன்?

ஜூலை 10

ஒரு நட்சத்திரத்தின் துடிப்பு மட்டும் முந்தினால் அது நட்சத்திரத்தின் செய்தி. இரண்டும் ஒரே நாளில் முந்தினால், பின்தங்கியது எங்கள் கடிகாரம். பத்து நிமிட வேலை. இரண்டாவது நட்சத்திரத்தின் கோப்பைத் திறந்தேன். மூடினேன்.

ஜூலை 11

பக்கத்து மேசை பிரயோனி: "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? கட்டுரை வந்தப்புறம் எங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

சிரித்தேன், வாயால் மட்டும். டெஸ்மண்ட் சிட்னி கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறார். என் தலையாட்டலை நம்பி.

ஜூலை 12, வெள்ளி

காலையில் பார்த்துவிட்டேன். இரண்டாவது நட்சத்திரமும் மே பதினேழு. மூன்றாவதும் அதே நாள்.

கடிகாரம் எவ்வளவு பிசகியது என்று வாராவாரம் ஒரு திருத்தப் பட்டியல் வரும். என்னிடம் இருந்தது மே பதினாறோடு முடிகிறது. அதற்கப்புறம் மென்பொருள் வாயே திறக்காமல் கடைசி எண்ணையே போட்டுக்கொண்டு போயிருக்கிறது.

சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியுமே.

பதினொரு மணிக்கு டெஸ்மண்ட் அறைக்குப் போனேன்.

"அனுப்பாதீங்க. அது நம்ம கடிகாரம்."

"சரிபார்த்துட்டேன்னு செவ்வாய்க்கிழமை தலையாட்டினியே."

"பார்க்கல. பொய்."

வெளியே காக்கட்டூக் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. கணினியில் கட்டுரையை மூடிவிட்டுச் சொன்னார்: "கடிகாரம் தப்பா ஓடினா நட்சத்திரத்தை வச்சு கண்டுபிடிக்கலாம். நீ தலையாட்டினதை நான் எதை வச்சு கண்டுபிடிக்கிறது?"

ஜூலை 15

நடந்ததைக் குழு முழுவதற்கும் எழுதச் சொன்னார் டெஸ்மண்ட். நான்கு வரி எழுதி அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. பிரயோனி மட்டும் இறைச்சி அடைத்த சாஸேஜ் ரோல் ஒன்றை என் மேசையில் வைத்தாள். "தின்னு. மூஞ்சியைப் பாக்க சகிக்கல."

ஜூலை 24

நான் கொடுக்கும் எண்களையெல்லாம் டெஸ்மண்ட் தன் அறையில் மறுபடி கணக்கிடுகிறார். திட்டுவதில்லை. திட்டினால் தேவலை. போகச் சொல்லிவிடுவாரோ?

ஆகஸ்ட் 20

பிரயோனியின் கோப்பிலும் அதே பழைய பட்டியல். வேறு இரண்டு ஊர்களின் ஆய்வுக் குழுக்களிடமும் அதேதான். டெஸ்மண்ட்: "இதை எழுது. நீயே எழுது."

செப்டம்பர் 20, வெள்ளி

என் முதல் கட்டுரை வெளிவந்தது. இரண்டு பக்கம், கடிகாரத் திருத்தம் பற்றி. புது நட்சத்திரம் எதுவும் அதில் இல்லை.

மதியம் கொடுத்த எண்களையும் டெஸ்மண்ட் மறுபடி கணக்கிட்டார் — நாற்காலியை என் மேசைக்கு இழுத்துவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து.