மாமியாருக்கு மக்ரோனி

திங்கட்கிழமை, 3-ம் தேதி
காலை ஒன்பது மணி

மருமகளுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் செருப்புச் சத்தமே சொல்கிறது. விடியும் முன்னே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடுகிறவளுக்கு, வீட்டில் ஒருத்தி தூங்குகிறாளே என்று மெதுவாக நடக்கத் தோன்றாது. போகட்டும்.

உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். என் பற்களையெல்லாம் பிடுங்கிய அன்று ஆஸ்பத்திரி வாசலில், டாக்டர் காதில் விழும்படி, "இவங்க பிடிவாதத்துக்கு நான்தான் ஆளா?" என்று கேட்டாயே, அதோடு முடிந்தது. இன்று நாற்பத்தோராவது நாள். ஆனால் சிலதைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு அடைக்கிறது. அதனால் இந்தக் காகிதத்தை உப்பு ஜாடிக்கு அடியில் வைக்கிறேன். மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவள் நான். பிழை இருந்தால் திருத்தி வைக்காதே.

விஷயம் அந்த மக்ரோனி.

இன்றும் ஓவனில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மூடியைத் திறந்ததும் ஒரு வாடை, நனைந்த காலுறையை ஒரு வாரம் மூட்டை கட்டி வைத்தது போல. மேலே மஞ்சளாக ஒரு தோல், ஆறின புண்ணின் பக்கு மாதிரி. கரண்டியால் குத்தினால் உள்ளேயிருந்து வெள்ளையாகக் கசிகிறது. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகக் கூடவே வருகிறது, விடமாட்டேன் என்கிறது. சுவரொட்டி ஒட்டுகிறவன் வாளியில் இதைப் பார்த்திருக்கிறேன். அவன்கூட அதைச் சுவருக்குத்தான் பூசுவான்.

பல் போனவள் எதைக் கொடுத்தாலும் விழுங்குவாள் என்று நினைத்துவிட்டாய். தட்டு காலியாக இருக்கிறது, பார்த்துக்கொள். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் புருஷனைப் பெற்றவள்


செவ்வாய், 4-ம் தேதி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாற்பத்தொரு நாளைக்கு அப்புறம் உங்களிடமிருந்து நாலு வார்த்தை. நாலும் திட்டுதான், இருந்தாலும் சந்தோஷம். இன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் பேசியது தப்பு. உங்கள் அறைக்கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாயிற்று. இப்போது எழுத்திலும் கேட்கிறேன்.

மக்ரோனியை நான் ஆசைப்பட்டுச் செய்யவில்லை அத்தை. ஈறு ஆறி, செட் பல் கட்ட இன்னும் ஒரு மாதமாகும். அதுவரை மெல்லத் தேவையில்லாத, உடம்பில் ஒட்டுகிற சாப்பாடு வேண்டும் என்றார் டாக்டர். சோற்றைக் குழைய வடித்தேன், "நோயாளிக்கு வடிச்சதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுத் தட்டைத் தள்ளி வைத்தீர்கள். முட்டையை மசித்தேன், மூடியைக்கூட எடுக்கவில்லை. இது ஒன்றுக்குத்தான் தட்டு காலியாகிறது. அதனால்தான் ஒரு மாதமாக விடாமல் செய்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயப்படாதீர்கள். மக்ரோனியை உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காட்டில் வடிக்கிறேன். வெண்ணெயை உருக்கி, மைதாவைச் சிவக்காமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி விழாமல் கிண்டுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு சீவின சீஸ், மிளகுத்தூள். இரண்டையும் கலந்து கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, மேலே ரொட்டித்தூளும் இன்னும் கொஞ்சம் சீஸும் தூவி, ஓவனின் வலதுபக்கத் திருகை நூற்றெண்பதில் வைத்தால் அரை மணி நேரம். அவ்வளவுதான். இதைச் செய்ய நான் மூன்றரைக்கு எழுந்திருக்கிறேன்.

ஆனால் போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது நாற்பத்திரண்டு. இரண்டு மாதம் முன்னால் நாற்பத்தேழு. நாற்பதுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சாப்பாடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தட்டு தினமும் காலி. உடம்பும் தினமும் குறைகிறது. எங்கே போகிறது அத்தை? ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் கப்பலிலிருந்து கூப்பிட்டால் நான் என்ன சொல்ல?

அன்புடன்,
மருமகள்


புதன், 5-ம் தேதி

மருமகளுக்கு,

எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. மனசுதான் எப்படி என்று தெரியவில்லை.

மைதாவை வறுத்துப் பால் ஊற்றினால் பசை. நானும் காய்ச்சியிருக்கிறேன், உன் புருஷன் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட. அதில் சீஸைப் போட்டால் கெட்டுப்போன பசை. இதற்கா மூன்றரைக்கு எழுந்திருக்கிறாய்?

என் மகன் கூப்பிட்டால் உள்ளதைச் சொல். உங்க அம்மாவுக்கு என் கை பிடிக்கலைன்னு சொல். ஏன் என்று கேட்பான். அவனுக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

பத்தொன்பது வருஷம். உனக்குக் கல்யாணமாகி நான்காம் மாதம், ஒரு வியாழக்கிழமை. பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை கட்டியிருந்தாய், கொசுவம் கோணலாக. என் தம்பி குடும்பம் பதினோரு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மீன் வறுத்து, புது மருமகளாச்சே என்று முதல் துண்டை உன் தட்டில் வைத்தேன். தம்பி பெண்டாட்டி முகம் சுளித்தாள், தன் புருஷனை விட்டுவிட்டு உனக்கு வைத்தேனே என்று. நீ என்ன செய்தாய்? மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே, இதைத் தூர எடுங்க, குமட்டுது" என்று எழுந்து போனாய். அவள் சிரித்தாள். எந்தக் கடைவாய்ப் பல் தெரிந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

என் கையால் ஆக்கியது உனக்குக் குமட்டியது அல்லவா? உன் கையால் ஆக்கியது என் தொண்டையில் இறங்காது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இத்தனை வருஷம் என் சாப்பாட்டை நானே ஆக்கிக்கொண்டேன். கை நடுங்க ஆரம்பித்ததால்தான் அடுப்பு உன்னிடம் வந்தது. முடிவு என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நினைவு தப்பாத கிழவி


வெள்ளி, 7-ம் தேதி

அத்தைக்கு,

நேற்றுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். குழாய் ரிப்பேர்க்காரரை நான்தான் கூப்பிட்டேன். வளைகுழாயைக் கழற்றியதும் அவர் பத்தடி தள்ளிப் போய் நின்றார். "என்னக்கா, பைப்புக்குள்ள யாரு சிமெண்ட் கலந்தது?" என்றார். கம்பியை விட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கை நீளத்துக்கு, சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று, நடுநடுவே மக்ரோனி முழுசு முழுசாக. முடை நாற்றம். ரத்தமும் சிறுநீரும் தினம் கையாளுகிறவள் நான், நேற்று வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவர் வாளியை மூடிக்கொண்டு கேட்டார்: "வீட்டுல யாருக்கும் பிடிக்கலைன்னா ஏன்க்கா செய்றீங்க?"

நான் பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பினேன்.

குப்பையில் போட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று, ஒரு மாதமாக வெந்நீர் ஊற்றி ஊற்றித் தொட்டியில் தள்ளியிருக்கிறீர்கள். பால் கலந்த தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். அதிலேயே உயிர் வாழ்ந்திருக்கிறீர்கள். காலித் தட்டைப் பார்த்து நான் தினமும் நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறேன்.

என்னால் இனி முடியாது அத்தை. என் கையால் சாப்பிடாமல் நீங்கள் செத்துப்போனால் அந்தப் பழியை நான் சுமக்க முடியாது. உங்கள் மகளிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி வந்து உங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். மூன்றாவது மாடி, உங்களால் ஏறி இறங்க முடியாது, தெரியும். ஆனால் அங்கே சாப்பிடுவீர்கள்.

அந்த மீன் விஷயம். நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் சரி, சேலையின் கொசுவம் உட்பட. ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. அந்த மாதம் எனக்கு நாள் தள்ளியிருந்தது. நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று இருந்தேன். தண்ணீர் குடித்தாலே குமட்டிய நாட்கள். மீன் வறுத்த அன்றிலிருந்து எட்டு நாளில் கலைந்துவிட்டது. உங்கள் மகனிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிற உங்கள் பேத்தி பிறந்த பிறகு அதைப் பேசவே தோன்றவில்லை.

உங்கள் மீன் நன்றாக இருந்திருக்கும்.

மருமகள்


ஞாயிறு, 9-ம் தேதி
காலை நாலரை

அத்தைக்கு,

நேற்று ஜாடிக்கு அடியில் ஒன்றும் இல்லை. சரி.

துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மாத்திரைகள் பக்கவாட்டுப் பையில். எனக்கு இன்றும் டியூட்டி, மூன்று மணிக்கு வருவேன். இன்று மக்ரோனி செய்யவில்லை. பால் மட்டும் காய்ச்சி வைத்திருக்கிறேன், குடித்தால் குடியுங்கள்.


ஞாயிறு, 9-ம் தேதி
மத்தியானம் இரண்டு மணி

மருமகளுக்கு,

எட்டு நாள் என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது. மறுவாரம் சனிக்கிழமை அது. எனக்குத் தப்பாது.

சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து, "எங்க புதுப்பொண்ணு?" என்றாள். "மகாராணி இன்னும் எந்திரிக்கலை" என்றேன், உன் காதில் விழட்டும் என்றே சத்தமாக. சனிக்கிழமை நான் எழுந்தபோது கொடியில் ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. நீயே விடியும் முன் துவைத்துப் போட்டிருந்தாய். எதற்கு அந்த நேரத்தில் போர்வையைத் துவைத்தாய் என்று நான் கேட்கவில்லை. சோப்பைத் தண்ணீரிலேயே ஊற விட்டுவிட்டாயே என்று கேட்டேன். நீலச் சோப்பு, பாதிக் கட்டி.

ஐந்து பெற்று மூன்றை மண்ணில் போட்டவள் நான். போர்வையைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். நான் சோப்பைப் பார்த்தேன். நேற்று முழுக்க இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் மறதி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் எழுந்து, உன் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, அந்தக் கருமத்தை நானே செய்தேன்.

வெண்ணெய் உருகும்வரை சரி. மைதா போட்டதும் கட்டி. நீ காய்ச்சி வைத்த பாலை ஊற்றினேன், பெரிய கட்டி. கை நடுக்கத்தில் பாதிப் பால் அடுப்பில். அந்தச் சமயம் பார்த்து உன் புருஷன் கூப்பிடுகிறான். "என்னம்மா பண்றே?" "பசை காய்ச்சுறேன்டா, வை போனை" என்றேன். சீஸைச் சீவும்போது கையெல்லாம் பிசுக்கு. மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலிடுக்கில் அந்த வாடை அப்படியே இருக்கிறது, இப்போது எழுதும்போதும் மூக்கில் ஏறுகிறது. மக்ரோனியைக் கலந்தபோது சேற்றில் மிதித்த மாதிரி சளக் சளக் என்று சத்தம். இரண்டு தடவை குமட்டி, ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். இதை நீ ஒரு மாதம், தினம் மூன்றரைக்கு எழுந்து செய்திருக்கிறாய்.

ஒரு கவளம் வாயில் வைத்தேன். ஈறில் ஒட்டியது. நாக்கால் தள்ளினால் அண்ணத்தில் ஏறிக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடி விழுங்கினேன். எழுதிக் கொடுக்கிறேன், இதைவிட அருவருப்பானதை என் எழுபத்து நாலு வயதில் நான் தின்றதில்லை. அப்புறம் இன்னொரு கவளம். உள்ளங்கை அளவு சாப்பிட்டேன். என் பேச்சில் உனக்கு நம்பிக்கை இருக்காது, இருக்கவும் வேண்டாம். தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள். நாளைக்கும் சாப்பிடுவேன், நீ செய்தால்.

மகளிடம் பேசிவிட்டேன். "நாளைக்கு வராதே" என்றேன். "ஏம்மா, தம்பி பொண்டாட்டி பாவம் கதறுறாளே" என்றாள். "அதை நாங்க பாத்துக்கிறோம்" என்றேன். பெட்டியைப் பிரித்துத் துணியையெல்லாம் அலமாரியில் வைத்தாயிற்று. உன் மடிப்பு சரியில்லை, மறுபடி மடித்தேன்.

மீதி ஓவனில் இருக்கிறது. மேல் தோல் கருகியிருக்கும், கட்டியும் இருக்கும். வந்ததும் கை கழுவிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடு. நான் கதவைச் சாத்தவில்லை, மேசையில்தான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் கேள், அந்த ஒன்பது நாளைப் பற்றிக்கூடக் கேள். வாய் திறந்து பதில் சொல்கிறேன்.

மக்ரோனி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிடாதே.

அத்தை