ஒரே அண்டாவில் சுமலக்

ஓஷ், கிர்கிஸ்தான், மார்ச் 23

நிலுஃபரின் அப்பாவுக்கு,

சலாம். நாங்கள் சுகம். அங்கே பனி விட்டதா? இருமலுக்கு மருந்து வாங்கினீர்களா, இல்லை வழக்கம்போலச் சமாளிக்கிறீர்களா?

நாளை மாஸ்கோ புறப்படும் ஜஹாங்கிர் கையில் இந்தக் கடிதத்தோடு பண்டிகைக்குக் கிண்டிய சுமலக் களியும் ஒரு குப்பி அனுப்புகிறேன். கதையைப் படித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

நாம் எப்போதும் ஒதுக்கியே வைத்திருக்கிற லூலித் தெருக்காரர்களையும் இந்த நவ்ரூஸ் புத்தாண்டுக்குக் கூப்பிடுவது என்று நம் பேட்டை மஹல்லாக் கூட்டத்தில் முடிவாயிற்று. வருஷா வருஷம் அண்டாவுக்குப் பொறுப்பேற்கிற மஸ்தூரா அக்கா தலையாட்டிவிட்டு, அவர்களுக்கென்று ஒரு சின்ன அண்டாவைத் தனியாக அடுப்பில் ஏற்றினார். மரியாதையாம். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் சுமலக்குக்கு முளைகட்டிய நம் கோதுமை காலை வாரிவிட்டது. வெயிலில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்ததில் முளை பச்சை பிடித்து, அரைத்தெடுத்த பால் ஒரே கசப்பு. லூலித் தெருவின் அண்டாவுக்காக அந்தத் தெருப் பெண் சனோபர் கொண்டுவந்த முளையோ நூல் நூலாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. எப்படி என்று கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளுமா?

"கட்டிலுக்கடியில வச்சேன். எங்க வீட்டுல வெயிலு எங்க வருது?" என்று சிரித்தாள். லூலி என்பது நாம் வைத்த பேராம்; அவர்கள் தங்களை முகாத் என்றுதான் சொல்லிக்கொள்வார்களாம். இத்தனை வருஷமாகப் பக்கத்துத் தெரு, நாம் கேட்டதே இல்லை.

மஸ்தூரா அக்கா அந்த முளையைப் பெரிய அண்டாவுக்குக் கேட்டார். "எடுத்துக்கங்க அக்கா. ஆனா நானும் கிண்டுவேன். முளை மட்டும் வேணும், கை வேணாமா?" என்றாள் சனோபர். "நீ கை வச்சா யாருடி சாப்பிடுவா?" என்று அக்கா கேட்டேவிட்டார்.

எல்லோரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது. என் கையிலிருந்த துடுப்பை அவளிடம் நீட்டினேன். வாங்கியவள் யாரையும் பார்க்காமல் அடிவரை கிண்ட ஆரம்பித்தாள். சின்ன அண்டாவை யாரோ இறக்கிவைத்தார்கள்.

வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பிய கிண்ணத்தை மூன்று வீடுகள் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டன. அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. மற்றவர்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். உங்கள் குப்பியில் இருப்பதும் அதுதான்.

போன கடிதத்தில், மாஸ்கோ மெட்ரோ ரயிலில் எவ்வளவு கூட்டமானாலும் உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கிறது, வசதியாகப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். நேற்று அதை மறுபடி எடுத்துப் படித்தேன். எதையும் துருவித் துருவிக் கேட்கிற எனக்கு, நம் ஊர் முகத்துக்குப் பக்கத்தில் மட்டும் அது ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

இனி எதையும் மறைக்காமல் எழுதுங்கள். நாளைக்காவது உங்கள் பக்கத்தில் யாராவது வந்து உட்காரட்டும் என்று அல்லாவிடம் கேட்கிறேன்.

உங்கள்
குல்செஹ்ரா